கேமராவ என்ற கையில குடுத்தா

ஏனுங்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தக் கும்மி வீடியோவ மறுக்கா ஓட்ட வேண்டாங்க. வெள்ளகோயில்ல ஏறுனதுல இருந்து அதையேதான் பாத்துட்டு வர்றீங்க. நானும் சன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்து பாத்தேன். முடியலீங்க.

சத்தம் தொந்தரவுன்னு இல்லீங்க. அதுல ஆடற பொம்பளைங்களுக்குப் பின்னால ஒரு பெரிய திரை இருக்குதல்ல, அந்தத் திரையில படம் ஓட்டுனது என்ற ஊட்டுக்காரிங்க. ஆமாங்க, மெய்யாலுந்தான். கீழ பாருங்க, பேரு போட்டிருப்பாங்க. "திரைக்காட்சி: கோகிலவாணி." போட்டிருக்குதுங்களா? செரி. அதுக்குக் கீழ வேற பேரு ஏதாவது இருக்குதுங்களா? லோகநாதன்னு? நல்லாப் பாருங்க. இல்லையல்ல. இருக்காதுங்க. அந்தக் கேமராவப் புடிச்சது நானு. அந்தத் தொழிலையே அவளுக்குக் காட்டுனது நானு. செரி, உடுங்க. பேரு போட்டா என்ன, போடாட்டி என்ன. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கற ஆளு இல்லீங்க.

உங்களுக்கு எதுவரைக்கும்? சிங்காநல்லூருங்களா? எனக்கும் அங்கதான். அப்பச் சித்தெ சொல்றேன், கேளுங்க. காங்கயம் இன்னும் வரலையே.

வெள்ளகோயில் பஸ் ஸ்டேண்டுக்கு எதுத்தாப்ல மாடியில "லோகு டிஜிட்டல்ஸ்"னு ஒரு போர்டு இருக்கும், பாத்திருப்பீங்க. பாத்ததில்லீங்களா? அது நம்ம கடைதான். கண்ணாலம், சீரு, காதுகுத்து, எல்லாத்துக்கும் வீடியோ எடுப்போம். அப்புறம் இந்த எல்ஈடி திரை வந்துச்சு. மண்டபத்துல மாப்ள பொண்ணு நடந்து வர்றத அப்பவே திரையில காட்டோணும்னு கேட்டாங்க. அதுல இருந்து பாட்டுக் கச்சேரி, கோயில் நோம்பின்னு போயி, கடசில இந்த வள்ளி கும்மிக்கு வந்து நின்னோம்.

படம் ஓட்டறதுன்னா சினிமா மாதிரி முன்னாடியே வெட்டி ஒட்டி வெச்சு ஓட்டறது இல்லீங்க. அது யாரு வேணும்னாலும் பண்ணலாம். இது அங்கயே, அப்பவே. லேப்டாப்புல அதுக்குன்னு ஒரு மிக்ஸிங் சாஃப்ட்வேர் இருக்குது. அதத் தொறந்தா கட்டம் கட்டமா நிக்கும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு படத்துண்டு. கிளிப்புன்னு சொல்லுவோம். ஒண்ணத் தொட்டா அது திரையில ஓடும். அது மேல இன்னொண்ண ஏத்தலாம், கண்ணாடி மேல கண்ணாடி வெக்கற மாதிரி. எது எவ்வளவு தெரியோணும், எது மங்கோணும்னு ஒரு ஸ்லைடர இழுத்து வெச்சுக்கலாம். கேமராவுல அப்ப எடுக்கறதையும் அதுக்குள்ளயே உட்டு, எல்லாத்தையும் கலக்கலாம். தவிலு எப்புடிப் போவுதோ அதுக்குத் தக்கன கையும் போவோணும். ஒரு அடி பிந்துனா சனத்துக்குத் தெரிஞ்சுரும். என்ன தெரிஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியாது, ஆனா ஆட்டம் சப்புனு போயிரும்.

இத நானாக் கத்துக்கிட்டனுங்க. யாரும் சொல்லித் தரல. சாஃப்ட்வேர் பூரா இங்கிலீசு, அத வாணி படிச்சுப் படிச்சுச் சொல்லுவா. அவ பி.எஸ்சி. கம்ப்யூட்டரு. படிச்சுச் சொல்றது வேற, கத்துக்கறது வேற, இல்லீங்களா? கிளிப்பு எல்லாம் தேடி எடுத்து, அளவு மாத்தி, பேரு போட்டு அடுக்கிக் குடுக்கறதும் அவதான். அது குமாஸ்தா வேலைங்க. எதை எந்த எடத்துல போடறதுங்கறதுதான் வித்தை.

எனக்குன்னு ஒரு பாணி இருந்துச்சுங்க. மயிலு. எங்கிட்ட இருக்கற மயிலு இந்தச் சுத்து வட்டாரத்துல எவங்கிட்டயும் கெடையாது. தோகை விரிக்கற மயிலு, மழையில நிக்கற மயிலு, தங்க மயிலு, நெருப்புல இருந்து வர்ற மயிலு. அப்புறம் அருவி. முருகன் வர்ற எடம்னா மயிலு, வள்ளி வர்ற எடம்னா அருவி. தவில் ஒரு அடி, மயிலு. மறு அடி, அருவி. மகுடேஸ்வரன் வாத்தியார் இருக்கறாரல்ல, கும்மி சொல்லிக் குடுத்துப் பாட்டும் பாடறவரு, அவரே ஒருக்கா சொன்னாரு, "லோகு, உங்க மயில எண்ணிக்கிட்டே பாடுனா எனக்குத் தாளம் தப்பறதில்ல"ன்னு. பெரிய வார்த்தைங்க அது. பக்கத்துல நின்ன ஆளு எதுக்கோ சிரிச்சான். அவனுக்கு என்ன தெரியும்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. மாசியில எனக்கு மெட்ராஸ் ஐ வந்து தொலைஞ்சுது.

முத்தூர்ப் பக்கம் ஒரு கோயில்ல அரங்கேற்றம். ரெண்டு கண்ணும் கோவப்பழமாட்டச் செவந்து, ஒட்டிக்கிட்டு, வெளிச்சத்தப் பாத்தாச் சுள்ளுனு எரியுது. லேப்டாப்ப எப்புடிப் பாக்கறது? வேற ஆளும் கெடைக்கல. வாணிதான், "மாமா, இன்னைக்கு நான் பாக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க"ன்னா. செரின்னு கருப்புக் கண்ணாடியப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தேன். கண்ணு நல்லா இருந்திருந்தா அவ அந்த நாக்காலியில உக்காந்திருக்கவே மாட்டாளுங்க. அதத்தான் நான் கெரகம்னு சொல்றது.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் கண்ண மூடிக்கிட்டு, "மயிலு. இப்ப அருவி. மறுக்கா மயிலு"ன்னு சொல்லிட்டே இருக்கறேன். அவளும் "ம், ம்"ங்கறா. "என்ன ஓடுது?"ன்னு கேட்டேன். "மயிலுதான் மாமா"ன்னா. நானும் நம்பிட்டேன்.

சனம் கத்துனா எனக்குத் தெரியும். விசிலடிக்கற கத்தலு ஒரு மாதிரி, சாமி வந்தா ஒரு மாதிரி. இது எதுவுமே இல்லீங்க. கூட்டம் பொசுக்குனு அமைதியாயிருச்சு. பாட்டு போவுது, தவிலு போவுது, சனத்தோட சத்தம் மட்டும் இல்ல. கரண்டு போயித் திரை அணைஞ்சு போச்சோன்னு கண்ணாடியக் கழட்டிட்டேன். கண்ணுல மொளகாப் பொடியத் தூவுன மாதிரி எரியுது. மங்கலாத் தெரிஞ்சுது. திரை பூராவும் காலுங்க.

காலுங்ணா. ஆடற பொம்பளைங்களோட காலு. புழுதியோட, கொலுசோட, வெடிப்போட. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே அவளோட போன ஒரு செங்கல்லு மேல சாத்தி, தரையோட தரையா வெச்சிட்டு வந்திருக்கறா. அந்தப் படத்த லேப்டாப்புக்குள்ள இழுத்து, அது மேல வேற ஒண்ண ஏத்தியிருக்கறா. பொன்னு நெறத்துல தளதளன்னு என்னமோ கொதிச்சுக்கிட்டு இருக்குது. வள்ளிக்குக் கோவம் வர்ற பாட்டு அது. காலு ஒவ்வொண்ணும் அந்தக் கொதியில எறங்கி எறங்கி ஏறுது.

ஆடிட்டிருந்த ஒருத்தி திரும்பிப் பாத்துட்டு, "ஏ, அது என்ற மெட்டிடீ!"ன்னு கத்துனா. அவ்வளவுதான். சனம் பூராவும் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. ஆடறவளுக எல்லாம் இன்னும் வேகமா ஆடறாளுக.

முடிஞ்சதும் வாத்தியார் மைக்குலயே கேக்கறாரு. "அம்மிணி, இத்தன நாளா நீ எங்க இருந்தே?"

பக்கத்துல நான் உக்காந்திருக்கறேன். கருப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு. வெளியூர்க்காரரு ஒருத்தரு வந்து, "இவருக்குப் பார்வை இல்லீங்களா, பாவம்"ன்னு வாணிகிட்டக் கேக்கறாரு. அவ சிரிச்சுட்டா. அவ சிரிச்சத நான் தப்பா எடுத்துக்கலீங்க. ஆனா சிரிச்சா.

நீங்களே சொல்லுங்க. சனங்களுக்கு அவங்க காலையே பெருசாக் காட்டுனா கை தட்டாம என்ன பண்ணுவாங்க? அதுல என்ன வித்தை இருக்குது? கண்ணாடியக் காட்டுனா கொழந்தகூடத்தான் சிரிக்குது. நான் வாணிகிட்டயும் இதையே சொன்னேன். "இது ஏமாத்து வேலை. மயிலுன்னா அது கலை"ன்னு. அவ, "செரிங்க மாமா"ன்னுட்டு அரிசி களையப் போயிட்டா.

அதுக்கப்புறம் வர்ற போனெல்லாம் ஒரே கேள்விதான். "லோகு, அக்கா வருவாங்களா?" "அம்மிணி அன்னைக்கு சும்மாத்தான இருக்கும்?" என்ற நெம்பருக்கு அடிச்சு, என்ற கடையக் கூப்பிட்டு, அவ வருவாளான்னு கேக்கறாங்க. ஒருக்கா காய்ச்சல்னு சொல்லிட்டேன். பொய்யில்லீங்க, அதுக்கு முந்துன வாரம் அவளுக்குக் காய்ச்சல் இருந்துச்சு. இன்னொருக்கா அவ அக்கா ஊட்டுக்குப் போயிருக்கறான்னு சொன்னேன். மெய்யாலுமே போறதாத்தான் இருந்தா. அப்புறம் போகல.

வாத்தியார் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க. தங்கமான மனுசன், மகளாட்டத்தான் பேசுவாரு. அந்த மாதிரிப் பொறாமை எனக்கு எப்பவும் கெடையாது. ஆளுன்னா ரெண்டு வார்த்த நேரா கேட்டுப்புடலாம். இவ ஒரு லேப்டாப்புப் பொட்டி கூடவல்ல கெடக்கறா? சோறு வடிக்கறப்போ கஞ்சி வழியறதப் படம் புடிக்கறா. மழை பேஞ்சா தகரத்து மேல தண்ணி குதிக்கறதப் புடிக்கறா. தறிக்குடோன் சன்னல்ல நின்னு நூலு ஓடறதப் புடிக்கறா. அங்க இருந்த பொம்பளைங்க, "என்னடி வாணி, உனக்குப் பித்தா?"ன்னு கேட்டிருக்காங்க. எனக்கு டீ ஆறிப் போவுதுங்க. எதுத்தாப்ல உக்காந்து நான் பேசிட்டிருக்கறப்ப, என்ற தலைக்குப் பின்னால செவுத்துல வேப்பமர நெழலு ஆடறதப் பாத்துட்டிருக்கறா. "என்னடி பாக்கற?"ன்னா, "ஒண்ணுமில்ல மாமா, சொல்லுங்க"ங்கறா. ஒண்ணுமில்லாததையா ஒருத்தி அப்புடிப் பாப்பா?

காங்கயம் வந்துருச்சு பாருங்க. டீ குடிக்க எறங்கறீங்களா? வேண்டாமா. செரி.

இந்த ஊரு மைதானத்துலதான் நீங்க பாத்த வீடியோ நடந்துச்சு. அதா, அந்தப் பக்கம் உள்ள போவோணும். பங்குனி கடசி. ஏகப்பட்ட ஊர்ச் சனம், எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பச்சச் சீலை. வாத்தியார் இதுவரைக்கும் பண்ணுனதுலயே பெரிய அரங்கேற்றம். "அம்மிணிதான் திரையப் பாக்கோணும்"னு மொதல்லயே சொல்லிட்டாரு. "அப்ப நானு?"ன்னு கேட்டேன். "நீங்க இல்லாமயா லோகு, கூட இருங்க"ன்னாரு. கூட இருங்க. கேட்டீங்களா? கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பரைச் சனத்தச் சொல்ற மாதிரி.

அதுக்கு முந்துன வாரம் லேப்டாப்புல எடம் பத்தலீங்க. மெய்யாலுமே பத்தல. ஒரு மயிலு கலெக்சன் புதுசா வாங்கியிருந்தேன், நல்ல தெளிவு, ஒவ்வொண்ணும் பெரிய பெரிய ஃபைலு. ஏத்தோணும்னா எதையாவது தூக்கித்தான ஆவோணும்? பாத்தேன். "வாணி"ன்னு ஒரு ஃபோல்டர். உள்ள கஞ்சி, தகரம், நூலு, எறும்பு, இன்னும் என்னென்னமோ. ஊட்டுல குப்பை சேந்தாக் கூட்டறதில்லீங்களா? கூட்டிட்டேன். அவ்வளவுதான். அவகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். வேலை மும்முரத்துல மறந்து போச்சு.

பொழுது மசங்கற நேரம், மைதானத்துல மேசை போட்டு லேப்டாப்பத் தொறந்தா. சனம் வந்து உக்காந்துட்டு இருக்குது. ஆறுச்சாமி, அவந்தான் சவுண்டு சர்வீசு, மைக்கு டெஸ்ட் பண்ணிட்டிருக்கறான். வாணி மேல தேடறா, கீழ தேடறா. அப்புறம் திரும்பி என்னையப் பாத்தா.

"மாமா, என்ற கிளிப்பெல்லாம் காணோம்."

"எடம் பத்தல வாணி. தேவையில்லாததத் தூக்குனேன்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். போன்ல இருக்குமல்ல?"

"போன்ல எடமில்லாமத்தான மாமா இதுல ஏத்துனேன்."

"அதுக்கென்ன இப்ப? புது மயிலு இருக்குது, அருவி இருக்குது. அதப் போடு."

கத்துவான்னு நெனைச்சேன். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், செரியாப் போயிருக்கும். அவ கத்தல. சீல முந்தானைய எடுத்து லேப்டாப்பு மேல இருந்த புழுதியத் தொடைச்சா. தொடைச்சதையே மறுக்கா தொடைச்சா. அப்புறம் என்னையப் பாக்காமயே, "அதுல அப்பா இருந்தாரு"ன்னா.

அப்பான்னா என்ற மாமனாரு. போன ஆடியில தவறிட்டாரு. வெல்லம் காச்சற ஆலை வெச்சிருந்தாரு. அன்னைக்கு முத்தூருல காலுக்கு மேல பொன்னாட்டக் கொதிச்சுதுன்னு சொன்னனல்ல, அது அவரு கொப்பரையில கொதிச்ச பாகுங்களாமா. எனக்கு எப்புடித் தெரியும்? நான் தூக்கறதுக்கு முன்னால அந்தக் கிளிப்ப ஓட்டிப் பாத்தேன், பாக்காம இல்ல. கொப்பரை தெரியுது, ஒரு துடுப்பு தெரியுது, துடுப்பப் புடிச்ச கை தெரியுது. மொகமே இல்லீங்க. மொகம் இல்லாத படத்துல அப்பா இருக்கறாருன்னு எவனுக்குத் தெரியும்? பி.எஸ்சி. படிச்ச ஒருத்திக்கு மொகம் தெரியற மாதிரி எடுக்கோணும்னு தெரிய வேண்டாமா?

வாத்தியார் பாட ஆரம்பிச்சுட்டாரு. வாணி எந்திரிச்சா. பையில இருந்து கேமராவ எடுத்து, ஒயர் இல்லாம படம் அனுப்பற கருவிய மாட்டி, என்ற கையில குடுத்தா. "நீங்க என்ன காட்டறீங்களோ அதுதான் மாமா இன்னைக்கு. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல"ன்னா. அவ குரலு காதுல கேக்கறதுக்கு ஹெட்போனையும் என்ற தலையில அவளே மாட்டி உட்டா.

கேமராவத் தூக்கிட்டு வட்டத்துக்குள்ள நடக்கறேன். காதுக்குள்ள என்ற பொண்டாட்டி சொல்றா. "கீழ எறக்குங்க. இன்னும் கீழ. அந்தப் பெரியம்மா கை. கையிலயே இருங்க. மாமா, ஆடாதீங்க. இப்ப மெல்ல மேல வாங்க." ஊரே கூடியிருக்கற எடத்துல ஒருத்தி புருசன அங்க போ, இங்க நில்லுன்னு சொல்றா. மத்தவங்களுக்குக் கேக்காதுதான். எனக்குக் கேக்குதல்ல?

எனக்குக் கை வலிக்க ஆரம்பிச்சுதுங்க. கனமான கேமரா. நான் வேணும்னே எதுவும் பண்ணலீங்க, சத்தியமாச் சொல்றேன். கை தானாத் திரும்பிருச்சு. தவிலுக்காரருக்குப் பக்கத்துல ஒரு நாயி படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. அதக் காட்டுனேன். "மாமா?"ன்னா காதுல. நான் கேமராவத் திருப்பல. பாத்துக்கட்டும், இத வெச்சு என்ன பண்றான்னு பாக்கலாம். திரும்பித் திரையப் பாத்தா, தூங்கற நாயோட வயிறு ஏறி எறங்குது, மெதுவா. அது மேல ஆடற பொம்பளைங்க வட்டம், ரொம்பப் பொடுசா, அந்த வயித்து மேலயே நின்னு ஆடற மாதிரி. ஆட்டத்துல இருந்து எடுத்து வெச்சிருந்த துண்டாம் அது, அஞ்சு நிமிசத்துக்கு முன்னால நானே எடுத்தது. அத மறுக்கா மறுக்கா ஓட உட்டு மேல வெச்சிருக்கறா. சனம் சிரிக்குது, கை தட்டுது.

டியூப் லைட்டக் காட்டுனேன். ஈசலு பறந்துட்டிருந்துச்சு. அது திரையில போனப்போ வள்ளி தினைப்புனத்துல குருவி ஓட்டற பாட்டு. ஈசலெல்லாம் குருவியாயிருச்சு. வாத்தியாரு மேடையில இருந்து திரும்பிப் பாத்துட்டு, இன்னொருக்கா அதே அடியப் பாடறாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். மைதானத்து ஓரத்துல செருப்புக் குவியல். ஆடறவங்க அத்தன பேரும் கழட்டிப் போட்டது. ரப்பரு, தோலு, வாரு அறுந்தது, எல்லாம். அங்க போயி நின்னுட்டு அதையே காட்டுனேன். இப்ப என்ன பண்ணுவே? அவ தட்டி உட்ட ஒரு தட்டு, செருப்பு எல்லாம் தவில் அடிக்குத் தக்கன நெறம் மாறுது. அடுத்த தட்டு, அந்தக் குவியல் மேல பச்சச் சீலைங்க சுத்துது. ஒவ்வொருத்தியும் திரையில அவவ செருப்பத் தேடறா. கை காட்டறா. அண்ணா, செருப்புக்குக் கை தட்டறாங்கண்ணா! என்ற தங்க மயிலுக்கு ஒருத்தன் தட்டுனதில்ல, வாரு அறுந்த செருப்புக்குத் தட்டறாங்க!

அப்பத்தான் நான் கேமராவ அவ பக்கமே திருப்புனேன். மேசைக்கு முன்னால போயி நின்னு, அவ மூஞ்சியவே காட்டுனேன். ஊரே உன்ன மெச்சுதல்ல, வா, நீயே வந்து நில்லு, அப்பத் தெரியும்னு. கூச்ச சுபாவங்க அவ. எங்க கண்ணாலத்து வீடியோவுலயே தலைய நிமித்தல. பதறிப் போயி, கை தப்பி, திரை அணைஞ்சு போயிரும்னு நெனைச்சேன்.

அவ கீழ குனிஞ்சு கைய ஓட்டிட்டிருந்தா, பாக்கல. திரும்பித் திரையப் பாத்தேன்.

எப்புடிச் சொல்றதுங்ணா. அத்தாம் பெருசு திரையில அவ மொகம். லேப்டாப்பு வெளிச்சம் தாடையில விழுவுது. கீழ் உதட்டப் பல்லுல புடிச்சுட்டு, தவிலோட தலைய ஆட்டிக்கிட்டு, சிரிக்கறா. யாரையும் பாத்துச் சிரிக்கலீங்க. அவளுக்கே அவ சிரிக்கறது தெரியாது. சித்தெ நேரத்துக்கு முந்தித்தான் அவ அப்பன் இருந்த படம் போயிருச்சுன்னு தெரிஞ்சவ. கண்ணு ஈரம் இன்னும் காயல, அதும் திரையில தெரியுது. அந்தக் கண்ணோட சிரிக்கறா.

கண்ணாலம் ஆயி இத்தன வருசத்துல எங்கிட்ட அப்புடி ஒரு சிரிப்பு சிரிச்சதில்லீங்க. ஒருக்காகூட இல்ல. நான் என்ன கொடுமைக்காரனா? குடிக்கறனா? கேட்டத வாங்கித் தரலையா? போன தீவாளிக்கு மிக்சி வாங்கிக் குடுத்தேன். "நல்லாருக்குது மாமா"ன்னா. அந்தச் சிரிப்பு வரலையே? கேவலம் ஒரு பொட்டிக்கு, நாலு பட்டனுக்கு, அதக் குடுக்கறாளேன்னு இருந்துச்சுங்க.

சனம் சத்தம் கேட்டு அவ நிமிந்தா. திரையில அவளையே பாத்தா. அப்புறம் நேரா லென்சப் பாத்தா. என்னைய இல்லீங்க, லென்ச. சிரிப்பு போயிருச்சு. காதுல மெல்லமா, "போதும் மாமா. காலுக்குப் போங்க"ன்னா.

நான் போயிட்டனுங்க. என்னமோ, போயிட்டேன். கடசி வரைக்கும் அவ சொன்ன எடத்துலயே நின்னு எடுத்தேன். நீங்க பாக்கற வீடியோவுல கடசியா வர்ற அந்தக் கைகள் எல்லாம் நான் எடுத்ததுதான். ஆடாம எடுத்திருக்கறேன், பாத்தீங்களா?

வேன்ல திரும்பி வந்தோம். ஊடு வந்ததும், "நான் அக்கா ஊட்டுல கொஞ்ச நாளு இருக்கறேன்"ன்னா. "எத்தன நாளு?"ன்னேன். "தெரியல"ன்னா. அவ அக்கா சிங்காநல்லூர்ல இருக்கறா. அங்க போயி சும்மா இருந்தாளா? அந்த வீடியோவப் பாத்துட்டுக் கோயமுத்தூர்ல ஒரு நடனக் குழுக்காரங்க கூப்புட்டுட்டாங்க. இன்னைக்குப் பொழுதோட சிங்காநல்லூர்லயே அவங்க ஆட்டம் இருக்குது, திரை பூராவும் வாணி பொறுப்புத்தான். எனக்கு அவ சொல்லல. ஆறுச்சாமி சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சுதான் ஏறுனேன்.

என்ற தொழிலுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. மண்டபத்துல மயிலு ஓட்டிட்டுத்தான் இருக்கறேன். போன வாரம் ஒரு வரவேற்புல ஒரு கொழந்த சாப்பிடக்கூடப் போகாம என்ற மயிலையே பாத்துட்டு நின்னுச்சு. அவங்கம்மா வந்து தூக்கிட்டுப் போயிட்டா.

பல்லடம் தாண்டியாச்சா? இந்தப் பக்கம் ரோடு நல்லாப் போட்டுட்டாங்க.

இன்னொண்ணு இருக்குதுங்க. ஆறுச்சாமியத் தவுர யாருகிட்டயும் சொல்லல. அந்த ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டுப் போயித் திருப்பூர்ல ஒருத்தருகிட்டக் குடுத்தேன். அழிச்சத மீட்டுத் தர்றவரு. மயிலு மேல மயிலா ஏத்திட்டீங்களே, கஷ்டம்னாரு. பாதிக்கு மேல போயிருச்சு. கஞ்சி போச்சு, எறும்பு போச்சு. ஒரு சிலது வந்துச்சு. அந்தக் கொப்பரை வந்துச்சுங்க. நடுவுல ரெண்டு எடத்துல படம் நின்னு நின்னு போவுது, ஆனா வந்துச்சு. ஊட்டுல ஒண்டியா உக்காந்து ஓட்டிப் பாத்தேன். பாகு கொதிக்குது, துடுப்பு சுத்துது. சுண்டு வெரலு மட்டும் துடுப்புல படாம மடங்கி நிக்குது. வாணிக்கும் அப்புடித்தான் நிக்கும், டம்ளரு புடிக்கறப்போ. அன்னைக்கு அழிக்கறதுக்கு முந்திப் பாத்தப்போ எனக்கு அது தெரியல.

இதுல இருக்குது, இந்தப் பென் டிரைவுல. குடுக்கத்தான் போறேன். குடுக்காம என்ன? ஆனா ஆட்டம் முடிஞ்சப்புறம் குடுக்கலாம்னு இருக்கறேன். முன்னாடி குடுத்தா என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். உடனே அதத் தூக்கிக் கட்டத்துல போட்டு, இன்னைக்கே ஓட்டிருவா. நின்னு நின்னு போற அந்த எடத்தையும் தாளத்துக்குத் தோதா மாத்திருவா. இன்னும் நல்லா வந்துரும். சனம் எந்திரிச்சு நின்னு தட்டும். அவ குனிஞ்சு உக்காந்து அந்தச் சிரிப்பச் சிரிப்பா. நான் கொண்டாந்து குடுத்ததுன்னு அந்தத் திரையில எங்காவது இருக்குமுங்களா?

என்னங்க? முன்னாடியே குடுத்துரோணுமா? நீங்களும் அவ பக்கந்தான் பேசறீங்க. கேக்கறவங்க எல்லாருமே அவ பக்கந்தான் பேசறாங்க. ஆறுச்சாமியும் அதத்தான் சொன்னான். நான் சொன்னதுல எதக் கேட்டு நீங்க அப்புடி முடிவு பண்ணுனீங்கன்னு எனக்குத் தெரியல.

நானும் ரோசனை பண்ணாம ஏறலீங்க. இந்த வண்டி எப்பவும் லேட்டாத்தான் போயிச் சேரும். பல்லடத்துல நிப்பான், சூலூர்ல நிப்பான், நான் போறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிரும். அப்ப முன்னாடி குடுக்கறதா, பின்னாடி குடுக்கறதான்னு ஒரு வெசனமே இல்ல பாருங்க. அத நெனைச்சுத்தான் இதுல ஏறுனேன்.

அதா, சிங்காநல்லூரா? அதுக்குள்ளயா? மணி என்னங்ணா ஆச்சு?

அட கெரகமே. இத்தன வருசமா இந்த ரூட்டுல போறேன், ஒருநாளும் இப்புடி ஓட்டுனதில்ல. இன்னைக்குன்னு பாத்து நேரத்துக்குக் கொண்டாந்து உட்டுட்டான் பாருங்க.